பிளாஸ்மாவுக்கு எந்த வாயு?

பெங்களூர் கப்பன் பார்க்கில் ஊரே சும்மா காற்று வாங்கிக்கொண்டிருக்க, பீன்யா தொழிற்பேட்டையில் நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம். அதுவும் முழுக் காற்றை இல்லை, அதில் 0.93 சதவீதம் மட்டுமே இருக்கும் ஆர்கானை. தண்ணீர், மண், உணவு, தோல், உலோகம் என்று எது வந்தாலும் அதில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதுதான் எங்கள் ஆய்வகத்தின் பிழைப்பு. அந்தப் பிழைப்பு பெரும்பாலும் ஆர்கான் பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்கள் பிய்ந்துபோகும் அளவுக்குச் சூடேற்றிய ஆர்கானை நம்பி ஓடுகிறது.

அந்தப் பிளாஸ்மாவை எழுப்பும் ஒரு ஐசிபி (தூண்டல் பிளாஸ்மா) கருவி நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் ஆர்கான் குடிக்கும். 47 லிட்டர் சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் உள்ளே ஏறக்குறைய 7,000 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 17 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏழு மணி நேரம்கூட வராது. ஒரு ஷிஃப்டுக்கு ஒரு சிலிண்டர் மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதால் டியூரா எனப்படும், வெப்பம் புகாமல் காக்கும் உருளைக் கலத்தில் திரவ ஆர்கான் வாங்குகிறோம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் 840 லிட்டர் வாயு. ஆனால் டியூராவுக்குள் வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை யாரும் கருவியைத் தொடாவிட்டாலும் அதுபாட்டுக்கு 'உஸ்' என்று வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

இதைக் கொண்டுவந்து இறக்குபவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து அண்ணா. ஒருநாள் கேட்டார்: "சார், இதே ஆர்கானத்தான் பக்கத்துல வெல்டிங் கடைக்கும் போடுறேன். அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கு மட்டும் சர்டிஃபிகேட் வேணும், 99.999 சதவீதம், அஞ்சு ஒம்பது வேணும்னு கேக்குறீங்க. நைட்ரஜன் இதைவிட எவ்வளவு சல்லிசு, அதை வெச்சு ஓட்டக் கூடாதா?"

நல்ல கேள்வி. கருவி விற்க வருகிற டை கட்டிய தம்பிகளைவிட நல்ல கேள்வி. அன்றைக்கு நின்றபடியே ஏதோ சொல்லி அனுப்பினேன். முழுப் பதிலைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

ஐசிபி டார்ச் என்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மூன்று குவார்ட்ஸ் குழாய்கள். வெளிக்குழாயில் நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் ஆர்கான் சுழன்று ஓடும். நடுக்குழாயில் ஒரு லிட்டர் அளவு. உட்குழாய் வழியே, நெபுலைசரில் பனிமூட்டமாகச் சிதறிய மாதிரியைச் சுமந்துகொண்டு இன்னொரு லிட்டர். டார்ச்சின் வாயைச் சுற்றிச் செப்புச் சுருள், அதில் 27.12 அல்லது 40.68 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிலோவாட்டுக்கு மேல் ரேடியோ அலைவரிசைத் திறன். ஒரு மின்பொறி சில எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடும். அவற்றைக் காந்தப்புலம் சுழற்றும். அவை ஆர்கான் அணுக்களில் மோதி மேலும் எலக்ட்ரான்களை உதிர்க்கும். கண் இமைக்கும் நேரத்தில் 6,000 முதல் 10,000 கெல்வின் வெப்பத்தில் ஒரு ஒளிப்பந்து நிற்கும். இவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் மின்னோட்டம் பிளாஸ்மாவின் வெளித்தோலோடு போய்விடுவதால் பந்தின் நடுப்பகுதி கொஞ்சம் குளிர்ந்து, மெதுவடையைப் போலத் துளை விழும். அந்தத் துளை வழியேதான் மாதிரி உள்ளே போகிறது. வெளியே ஓடும் ஆர்கானின் பெரும்பங்கு குவார்ட்ஸ் உருகாமல் காப்பதற்காக மட்டும். எங்கள் பில்லில் முக்கால் பங்கு, பகுப்பாய்வு எதையும் செய்யாத இந்தக் குளிர்விக்கும் வாயுவுக்குத்தான். புதிய டார்ச் வடிவமைப்புகள் சில இதை 10 லிட்டருக்கும் கீழே கொண்டுவந்திருக்கின்றன. நல்ல விஷயம், ரொம்பத் தாமதமாக வந்த நல்ல விஷயம்.

இப்படி ஒரு தூண்டல் பிளாஸ்மா டார்ச்சை 1961இல் தாமஸ் ரீட் செய்தபோது அவருக்குப் பகுப்பாய்வு நோக்கமே கிடையாது. உயர் வெப்பத்தில் படிகம் வளர்க்கப் பார்த்தார். 1964இல் இங்கிலாந்தில் ஸ்டான்லி கிரீன்ஃபீல்டு குழுவும், 1965இல் அமெரிக்காவில் வெண்ட், ஃபாசெல் இருவரும், அந்தச் சூட்டில் ஒவ்வொரு தனிமமும் வீசும் தனக்கே உரிய ஒளியைப் படித்து, இதைத் தனிமப் பகுப்பாய்வுக்குத் திருப்பினார்கள். கிரீன்ஃபீல்டு தன் பெரிய டார்ச்சில் வெளிப்புறக் குளிர்விப்புக்கு நைட்ரஜனை ஓடவிட்டவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதாவது அண்ணா கேட்ட கேள்வியை இந்தத் துறை பிறந்தபோதே கேட்டிருக்கிறார்கள். அப்புறம் வந்த கருவிகள் சின்ன டார்ச், குறைந்த திறன், முழுக்க ஆர்கான் என்ற வழியில் போயின. 1980இல் ஹௌக், ஃபாசெல் குழுவினர் அந்தப் பிளாஸ்மாவை நிறைநிரலோடு, அதாவது அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு, இணைத்தபோது ஆர்கானின் இடம் இன்னும் கெட்டியாகிவிட்டது.

ஆர்கானுக்கு என்ன அவ்வளவு மவுசு? முதலில், அது தனி அணு. உடைக்க வேண்டிய பிணைப்பு இல்லை, அதிர மாட்டாது, வேறெதற்கும் ஆற்றலை விரயம் செய்யாது. எலக்ட்ரானுக்குக் கிடைத்த ஆற்றல் எலக்ட்ரானிடமே சேரும். அதனால் எளிதில் பற்றிக்கொள்ளும். அடுத்து, வெப்பத்தைச் சுமாராகத்தான் கடத்தும். பிளாஸ்மாவின் சூடு உடனே சுவருக்குப் போய்விடாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆர்கான் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க 15.76 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) தேவை. தனிம அட்டவணையில் ஏறக்குறைய எல்லாவற்றிலிருந்தும் முதல் எலக்ட்ரானைப் பிடுங்க இதைவிடக் குறைவாகவே ஆகும். சோடியத்துக்கு 5.14, ஆர்செனிக்குக்கு 9.79, பாதரசத்துக்கு 10.44. ஆனால் இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்கப் பெரும்பாலான தனிமங்களுக்கு 15.76க்கு மேல் தேவைப்படும். பேரியம், ஸ்ட்ரான்ஷியம், அரிய மண் தனிமங்கள் போன்ற சிலதான் விலக்கு. ஆகவே ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் போன உலோகம் பெரும்பாலும் ஒரே ஒரு நேர்மின்சுமையோடு வெளியே வரும். நிறைநிரலைப் படிப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. யாரும் இதற்காகத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை. கிடைத்த வாயு இப்படி அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

சரி, ஆர்கானிடம் குறையே இல்லையா? இருக்கிறது. நிறைநிரலில் அது தானே ஒரு பெரும் பின்னணி.

இயற்கை ஆர்கானில் 99.6 சதவீதம் நிறை எண் 40 கொண்டது. கால்சியத்தில் 97 சதவீதமும் 40தான். ஆகவே கால்சியத்தின் பிரதான ஐசோடோப்பு ஆர்கான் மலைக்கு அடியில் புதைந்துவிடும். ஆர்கானும் நீரிலிருந்து வரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் 56, அது இரும்பின் இடம். இரண்டு ஆர்கான் சேர்ந்தால் 80, செலினியத்தின் அதிகமான ஐசோடோப்பு இருக்குமிடம். ஆர்கானும் குளோரினும் சேர்ந்தால் 75. ஆர்செனிக்குக்கு இயற்கையில் 75ஐத் தவிர வேறு ஐசோடோப்பே கிடையாது, தப்பித்துப் போக இடமில்லை.

தூத்துக்குடிப் பக்கத்துக் கருவாடோ உப்போ வந்தால் இந்த 75தான் தலைவலி. மாதிரியில் உப்பு நிறைய, ஆகவே குளோரின் நிறைய. ஆர்செனிக் சொட்டுக்கூட இல்லாத உப்புக் கரைசலும் திரையில் ஆர்செனிக்கைக் காட்டும். வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து வரும் தோலில் வேறு கதை. அங்கே வாடிக்கையாளர் கேட்பது குரோமியம், நிறை எண் 52. தோலை அமிலத்தில் கரைத்தபின் மிஞ்சும் கார்பன், ஆர்கானோடு சேர்ந்தால் 12ம் 40ம் 52. தோலில் குரோமியம் தாராளமாகவே இருக்கும் என்பதால் அங்கே பெரிதாக அடிபடாது. அதே தொழிற்பேட்டையின் கிணற்றுத் தண்ணீரில், சில பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் தேடும்போது அடிபடும்.

இதற்குக் கண்ட மருந்து, பிளாஸ்மாவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை வைத்து அதில் இன்னொரு வாயுவை விடுவது. ஹீலியம் விட்டால், உருவில் பெரிய ஆர்கான்-குளோரின் அயனி தனி ஆர்செனிக் அயனியைவிட அதிகம் மோதி, அதிகம் ஆற்றல் இழக்கும். வெளியே ஒரு மின்தடுப்பு வைத்தால் சோர்ந்துபோனது உள்ளே வராது. செலினியத்துக்கு ஹைட்ரஜன் விட்டால் இரட்டை ஆர்கான் அயனி வினைபுரிந்து விலகிவிடும். ஆக்ஸிஜன் விட்டால் ஆர்செனிக் ஒரு ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு 91க்கு இடம் மாறும், அங்கே போய் அளக்கலாம். பிளாஸ்மாவின் திறனை 600 வாட் அளவுக்குக் குறைத்து ஆர்கான்-ஆக்ஸிஜன் அயனியையே அடக்கும் பழைய வழியும் உண்டு. தூய நீர் பார்க்கும் குறைக்கடத்திக்காரர்களுக்கு அது சரி. குழம்பு மாதிரி வரும் எங்கள் கரைசல்களை அந்தக் குளிர்ந்த பிளாஸ்மா தாங்காது.

ஆக, ஆர்கான் கருவி என்று பெயர்தானே தவிர பக்கத்தில் ஹீலியம் சிலிண்டர் ஒன்றும் ஹைட்ரஜன் சிலிண்டர் ஒன்றும் நின்றுகொண்டிருக்கும். ஒரு வாயு செய்த வேலையைத் துடைக்க இன்னும் இரண்டு வாயு.

புளோரின் விஷயத்தில் ஆர்கான் ஒரேயடியாகக் கை விரித்துவிடுகிறது. பெங்களூரில் இருக்கும் தமிழர்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலத்துக்காரர்கள் நிறைய. நான் வேலை செய்வது தண்ணீர் பார்க்கும் இடம் என்று தெரிந்ததும், ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு பாட்டிலில் போர்வெல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வளைவும் வருவது அங்கே தெரிந்த கதை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். "தம்பி, பெரிய மிஷின்ல வெச்சு எல்லாம் பாத்துச் சொல்லிடுங்க" என்பார்கள். பெரிய மிஷின் ஈயத்தையும் யுரேனியத்தையும் சொல்லும். அவர்கள் கேட்க வந்த புளோரைடைச் சொல்லாது.

காரணம் அதே 15.76. புளோரினிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 17.42 எலக்ட்ரான் வோல்ட் தேவை. ஆர்கான் பிளாஸ்மாவில் 10 லட்சம் புளோரின் அணுக்கள் நுழைந்தால் கணக்குப்படி 9தான் அயனியாகும். ஆர்செனிக்கில் பாதி ஆகிறது, செலினியத்தில் மூன்றில் ஒன்று, குளோரினில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. புளோரைடுக்கு நாங்கள் அயனித் தேர்வு மின்முனையைத்தான் கரைசலில் முக்குகிறோம். பெரிய மிஷினோடு ஒப்பிட்டால் பேனா மாதிரி ஒரு குச்சி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவைப் பார்க்க அந்தக் குச்சி தாராளம். வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். பேரியத்தைக் கலந்து பேரியம்-புளோரின் அயனியாக நிறை 157இல் பிடிக்கும் வித்தையும் உண்டு. அது கெட்டிக்காரத்தனம், ஆனால் எங்களைப் போன்ற இடத்துக்குத் தேவையில்லை.

அப்படியானால் இன்னும் ஆற்றல் மிக்க வாயுவைப் போட்டால் என்ன? ஹீலியத்தின் அயனியாக்க ஆற்றல் 24.59. தாளில் பார்த்தால் இதுதான் ராஜா, புளோரினையும் அசைத்துவிடும். ஆனால் தாளில் எழுதாத ஒன்று இருக்கிறது: ஹீலியம் வெப்பத்தைக் கடத்தும் வேகம் ஆர்கானைப் போல எட்டு மடங்கு. ஐசிபி டார்ச்சில் ஹீலியத்தை விட்டால் சூடெல்லாம் குவார்ட்ஸ் சுவருக்கு ஓடிவிடும். பிளாஸ்மாவை நிறுத்திவைப்பதே பெரும்பாடு, டார்ச் கெட்டுப்போகும். அதற்குள் ஈரமான பனிமூட்டத்தை வேறு அனுப்பினால் அணைந்தே போகும்.

அதனால் ஹீலியம் பிளாஸ்மா சின்ன இடத்தில் மட்டும் நிலைத்தது. 1976இல் பீனாக்கர் என்பவர் வடிவமைத்த மைக்ரோவேவ் குழிக்குள், சாதாரண வளியழுத்தத்திலேயே, சன்னமான ஒரு குழாயில் ஹீலியம் பிளாஸ்மாவை நிற்கவைக்க முடிந்தது. கலவையை ஆவியாக்கிப் பிரிக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபிலிருந்து வருவது ஏற்கெனவே ஆவி, அளவிலும் சொற்பம். அதை இந்தக் குட்டிப் பிளாஸ்மா தாங்கும். புளோரின், குளோரின், புரோமின், கந்தகம் என்று ஆர்கானுக்கு எளிதில் வசப்படாதவை எல்லாம் அதில் ஒளிரும். 1989இல் அப்படியொரு உணர்கருவி கடைக்கே வந்தது. பூச்சிக்கொல்லி எச்சம் பார்ப்பவர்களுக்கு வரமாக இருந்திருக்க வேண்டியது. குரோமட்டோகிராஃபோடு சேர்ந்த நிறைநிரல்கள் மலிவானதும் ஓரங்கட்டப்பட்டுவிட்டது.

ஹீலியத்தின் இன்னொரு பலம், அயனியாகாமலேயே ஆற்றலைத் தேக்கிவைத்துச் சுமப்பது. கிளர்வுற்ற ஹீலியம் அணுவிடம் 19.8 எலக்ட்ரான் வோல்ட் இருக்கும். காற்றிலுள்ள நீராவியை அயனியாக்க 12.6 போதும். 2005இல் வெளியான டார்ட் என்ற முறை இதை நம்பித்தான் நிற்கிறது. கிளர்வுற்ற ஹீலியம் நீராவியை அயனியாக்கும், அது மாதிரியின் மூலக்கூறுக்குப் புரோட்டானைக் கொடுக்கும், மாத்திரையையோ இலையையோ அப்படியே நீட்டிப் பார்க்கலாம். விலைக்குப் பயந்து அதில் ஆர்கானைப் போட்டால் கிளர்வுற்ற அணுவிடம் இருப்பது 11.5 முதல் 11.7 வரைதான். தண்ணீருக்கு ஒரு வோல்ட் குறைகிறது. அந்த ஒரு வோல்ட்டில் முறையே மாறிவிடுகிறது.

நடுவில் ஒரு பழங்கதை. ஹீலியம் மனிதர் கண்ணில் முதலில் பட்டதே ஒரு பிளாஸ்மாவின் நிறமாலைக் கோடாக, நம் பக்கத்தில்தான். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன், இன்னும் பலர் நிறமாலைமானியோடு காத்திருந்தார்கள். சூரியனின் விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோடு சோடியத்தினுடையது இல்லை என்று பின்னால் தெளிவானது. பூமியில் அந்த வாயு 1895இல்தான் ராம்சேயின் கையில் அகப்பட்டது. அந்தச் சென்னை வானாய்வகத்தின் வாரிசாகக் கொடைக்கானல் வானாய்வகமும், அதை நடத்தும் நிறுவனமாக நம் பெங்களூர் கோரமங்களாவின் இந்திய வானியற்பியல் நிறுவனமும் இருக்கின்றன. சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்வது உண்டு, பெரிதாக ஆறுதல் ஒன்றும் இல்லை.

பழம்பெருமை இருந்தாலும் ஹீலியத்தை நாம் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். 2017 ஜூனில் கத்தாரை அண்டை நாடுகள் முடக்கியபோது அங்கேயிருந்த ஹீலியம் ஆலைகள் நின்றன. எங்கோ வளைகுடாவில் கதவடைத்தால் பீன்யாவில் விலை ஏறும். தினசரி வேலைக்கு, நிமிடத்துக்கு லிட்டர் கணக்கில் ஓட்டும் வாயுவாக அதை நம்ப முடியாது. பிளாஸ்மாவுக்குப் பின்னால் வைக்கும் அந்த மோதல் அறைக்குள் நிமிடத்துக்குச் சில மில்லிலிட்டர் என்றால் சரி.

ஆர்கான் நம் ஊரிலேயே கிடைப்பது, அது தட்டுப்படாது என்றுதான் 2021 வரை எல்லோரும் நினைத்தோம். காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரிக்கும்போது நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஆர்கான் மைனஸ் 186, ஆக்ஸிஜன் மைனஸ் 183. ஆர்கானுக்கும் ஆக்ஸிஜனுக்கும் மூன்றே டிகிரி. இரண்டும் ஒரே ஆலையில், ஒரே கோபுரத்தில் ஒட்டிப் பிறப்பவை. ஆர்கானின் பெரிய வாடிக்கையாளர்கள் உருக்காலைகளும் வெல்டிங்கும்தான், ஆய்வகங்கள் எல்லாம் ஒரு துளி. அந்த ஏப்ரலில் ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்ஸிஜன் போதாமல் நாடே தவித்தபோது, ஆர்கான், நைட்ரஜன் டேங்கர்களையும் ஆக்ஸிஜன் ஏற்ற மாற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது. அது நியாயம். ஆலையில் ஆர்கான் இருந்தாலும் அதைக் கொண்டுவர வண்டி இல்லை. எங்கள் டார்ச் குளிர்ந்து கிடந்தது. அந்த நாட்களில்தான் நைட்ரஜனைப் பற்றி நிர்வாகம் காது கொடுத்துக் கேட்டது.

நைட்ரஜனில் என்ன சிக்கல் என்றால், அது மூலக்கூறு. அணுவின் அயனியாக்க ஆற்றல் 14.53, ஆர்கானைவிட ஒன்றும் ரொம்பக் குறைவில்லை. ஆனால் அணு கிடைக்க முதலில் மூலக்கூறை உடைக்க வேண்டும், அதற்கே 9.8 எலக்ட்ரான் வோல்ட். அதற்கும் முன்பாக மூலக்கூறை அதிரவைப்பதிலும் சுழலவைப்பதிலும் எலக்ட்ரான்கள் ஆற்றலைத் தொலைக்கும். அதனால் பற்றவைப்பது கடினம். பற்றினாலும் பிளாஸ்மா சுருங்கிக்கொள்ளும். ஆர்கான் ஐசிபியில் எங்காவது காற்று கசிந்தால் டார்ச் நடுங்கி அணைவது இதனால்தான். ஒரு சப்ளையர் ஒருமுறை அனுப்பிய டியூராவில் தூய்மை சரியில்லை. சான்றிதழில் எல்லாம் ஒன்பதாக இருந்தது, பிளாஸ்மா மட்டும் பற்ற மறுத்தது. சான்றிதழைவிட டார்ச் நேர்மையானது.

உடைக்கச் செலவான ஆற்றல் முழுக்க நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. உடைந்த அணுக்கள் கொஞ்சம் குளிர்ந்த இடத்தில், அதாவது மாதிரித் துளிகளின் பக்கத்தில், மறுபடி சேரும்போது அந்த 9.8ஐத் திருப்பிக் கொடுக்கும். சூட்டைத் துளிக்குக் கொண்டுசேர்ப்பதில் நைட்ரஜன் ஆர்கானைவிடக் கெட்டிக்காரன். இது விற்பனைத் தாள்களில் வராது.

நைட்ரஜன் பிளாஸ்மாவை உருப்படியாக நிறுத்தக் காந்தப்புலம் வழியே மைக்ரோவேவ் திறனைச் செலுத்தும் வழியை மைக்கேல் ஹாமர் 2008இல் விவரித்தார். அதிலிருந்து வந்த கருவி 2011இல் அஜிலண்ட் நிறுவனத்தின் பெயரில் சந்தைக்கு வந்தது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ், ஒரு கிலோவாட், நிமிடத்துக்கு 20 லிட்டர் அளவில் நைட்ரஜன். அந்த நைட்ரஜனை ஒரு கம்ப்ரஸரும் மூலக்கூறுச் சல்லடை நிரப்பிய கோபுரங்களும் அறைக் காற்றிலிருந்தே பிரித்துக் கொடுக்கும். 99.5 சதவீதத் தூய்மையே போதும். பற்றவைக்க மட்டும் சில நொடி ஆர்கான் வேண்டும். அதனால் நைட்ரஜன் கருவியின் மூலையிலும் ஒரு சின்ன ஆர்கான் சிலிண்டர் வெட்கத்தோடு நிற்கும்.

இதன் வெப்பம் சுமார் 5,000 கெல்வின். ஐசிபியின் மாதிரி போகும் துளையில் 7,000 என்று வைப்போம். 2,000 கெல்வின் வித்தியாசம் பெரிதா என்றால், எந்தத் தனிமம் என்பதைப் பொறுத்தது. சோடியத்தின் மஞ்சள் ஒளிக்கு 2.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். எந்த வெப்பத்தில் எத்தனை அணு கிளர்வுறும் என்று சொல்லும் போல்ட்ஸ்மேன் கணக்குப் போட்டால் இரண்டு வெப்பநிலைக்கும் கிளர்வுறும் பங்கில் நான்கு மடங்குதான் வித்தியாசம். அதிலும் 7,000இல் சோடியம் பெரும்பாலும் அயனியாகித் தன் மஞ்சளை இழந்துவிடும், குளிர்ந்த பிளாஸ்மாவில் அணுவாகவே இருந்து நன்றாக ஒளிரும். ஆர்செனிக்கின் 193.7 நானோமீட்டர் கோட்டுக்கு 6.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அங்கே வித்தியாசம் எழுபது மடங்கு. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், மாங்கனீசு, செம்பு எல்லாம் நைட்ரஜனில் சுகமாகத் தெரியும். குடிநீரில் ஆர்செனிக்கின் வரம்பு 10 பிபிபி. அந்த அளவில் நேரடியாகத் தெரியாது. அதை ஹைட்ரஜனோடு சேர்த்து ஹைட்ரைடு ஆவியாக மாற்றித் தனியாக அனுப்ப வேண்டும்.

இன்னொரு குறை, நைட்ரஜன் தானே ஏகப்பட்ட ஒளிப்பட்டைகளை வீசும். 391 நானோமீட்டர் பக்கம் நைட்ரஜன் மூலக்கூறு அயனி, 336 பக்கம் நைட்ரஜன்-ஹைட்ரஜன், கார்பன் கலந்தால் 388 பக்கம் சயனோஜன், 200 முதல் 280 வரை நைட்ரிக் ஆக்சைடு. ஆர்கான் நிறமாலையில் கோடுகள் இருக்கும், நடுவே வெறுமையும் இருக்கும். நைட்ரஜனில் வெறுமையே குறைவு. கோட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஐசிபி பழக்கத்தில் எடுத்தால் பட்டையின் மேல் போய் உட்காருவோம். சோடியம் அதிகமுள்ள மாதிரி வந்தால் மற்ற தனிமங்களின் ஒளியும் ஏறி இறங்கும். சீசியத்தை எல்லாவற்றிலும் ஒரே அளவில் கலந்து அதைச் சமன் செய்கிறோம்.

இவ்வளவு சொன்னபிறகும், மண், உரம், குடிநீரின் முக்கியத் தனிமங்கள் என்று பார்க்கும் நடுத்தர ஆய்வகத்துக்கு நைட்ரஜன் கருவிதான் சரி என்பது என் கட்சி. நம்மூரில் இன்னும் பலர் அசிட்டிலீன் சுடர் வைத்த ஏஏஎஸ் என்ற அணு உட்கவர்வுக் கருவியையே ஓட்டுகிறார்கள். காற்று-அசிட்டிலீன் சுடர் 2,300 டிகிரி செல்சியஸ். நைட்ரஜன் பிளாஸ்மாவோ ஐயாயிரத்தை ஒட்டியது. அதோடு சுடரை எரியவிட்டு இரவில் வீட்டுக்குப் போக முடியாது, இதை விட்டுவிட்டுப் போகலாம். ஐசிபியோடு ஒப்பிட்டு இதைக் குறை சொல்பவர்கள் தப்பான எதிரியோடு மோதவிடுகிறார்கள். எங்களிடம் இப்போது இரண்டும் ஓடுகின்றன. ஈயம், ஆர்செனிக், காட்மியம், யுரேனியம் ஆர்கான் நிறைநிரலுக்கு, மிச்சம் நைட்ரஜனுக்கு. கம்ப்ரஸர் சத்தம்தான் கொடுமை.

ஆக்ஸிஜனை மட்டும் ஒரு வரியில் விட்டுவிட முடியாது. பயன்படுத்திய எஞ்சின் ஆயிலை மண்ணெண்ணெயில் கலந்து நேராக ஐசிபியில் விட்டால், கார்பன் கரியாகப் படிந்து அயனிகளை நிறைநிரலுக்குள் இழுக்கும் கோனின் துளையை அடைத்துவிடும். ஆர்கானோடு கொஞ்சம் ஆக்ஸிஜன் கலந்தால் கரி எரிந்துபோகும். ஆனால் அதே ஆக்ஸிஜன் நிக்கல் கோனையும் தின்னும், ஆகவே பிளாட்டினம் கோன் போட வேண்டும். அதன் விலையைக் கேட்டதும் பல வாடிக்கையாளர்களின் ஆயில் மாதிரியை வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். இதற்கு நேர்மாறாக, கொஞ்சம் கார்பன் இருப்பது ஆர்செனிக், செலினியத்துக்கு நல்லதும்கூட. கார்பன் அயனியிடம் 11.26 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது, அது இந்த இரண்டுக்கும் மின்சுமையைக் கைமாற்றிக் கொடுக்கும். மெத்தனால் ஒரு சில சதவீதம் சேர்ப்பதன் ரகசியம் அதுதான்.

பீன்யாவின் வார்ப்பட ஆலைகளில் இருக்கும், உலோகத்தில் மின்பொறி விழவைத்து அதன் ஒளியைப் படிக்கும் ஸ்பார்க் கருவிக்கும் ஆர்கான்தான், ஆனால் அங்கே அதன் வேலையே வேறு. எஃகிலுள்ள கார்பனை 193.1, கந்தகத்தை 180.7, பாஸ்பரஸை 178.3 நானோமீட்டரில் பார்க்கிறார்கள். 190க்குக் கீழே போனால் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அந்த ஒளியை விழுங்கிவிடும். ஆர்கான் அதை வழியிலிருந்து விலக்குகிறது. வாயு சரியில்லாவிட்டால் பொறி விழுந்த இடம் கருவளையத்தோடு இல்லாமல் வெளிறித் தெரியும். கைதேர்ந்த ஆபரேட்டர் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தழும்பைத்தான் பார்ப்பார், பார்த்துவிட்டுச் சிலிண்டர் அண்ணாவுக்கு ஃபோன் போடுவார்.

நைட்ரஜனை நிறைநிரலுக்குள் கொண்டுவரும் முயற்சியும் விடவில்லை. சுருளுக்குப் பதிலாக ஒரு பீங்கான் வளையத்தின் வழியே மைக்ரோவேவைச் செலுத்தி, ஐசிபி போலவே நடுவில் துளையுள்ள நைட்ரஜன் பிளாஸ்மாவை எழுப்பும் மைக்கேப் என்ற மூலத்தைச் சூரிச்சில் குந்தரின் குழு நிறைநிரலோடு சேர்த்து 2018இல் வெளியிட்டது. அதில் ஆர்கானே இல்லை. ஆகவே 40, 56, 75, 80 எல்லாம் ஆர்கானின் பிடியிலிருந்து விடுபடுகின்றன. கால்சியம், இரும்பு, ஆர்செனிக், செலினியம் நால்வருக்கும் ஒரே நாளில் விடுதலை. பதிலுக்கு 30இல் நைட்ரிக் ஆக்சைடு அயனி பூதமாக நிற்கும், 28இல் நைட்ரஜன். சிலிக்கானின் பெரும்பங்கு அந்த 28இல்தான் இருக்கிறது. எங்கள் மாதிரிகளில் சிலிக்கானை நிறைநிரலில் கேட்பவர் யாரும் இல்லை, கருவாட்டில் ஆர்செனிக்கைக் கேட்பவர்கள் வாரா வாரம் வருகிறார்கள். அதனால் யாராவது அந்தக் கருவியை டெமோவுக்குக் கொண்டுவந்தால், அவர்கள் கையோடு எடுத்துவரும் சுத்தமான ஸ்டாண்டர்டை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு சதவீத உப்புக் கரைசலில் 5 பிபிபி ஆர்செனிக் கலந்து ஹீலியம் இல்லாமல் ஓட்டிக் காட்டச் சொல்வேன்.